காய்ச்சல் வராத அத்தா

தம்பிக்கு டைபாய்டு வந்தபோது அவனுக்கு நான்கு வயது, எனக்கு எட்டு. பள்ளியில் கிருமிப் பாடத்தில் நான் புலி. கிருமி உடம்புக்குள் போனால் காய்ச்சல் வரும், காய்ச்சல் இல்லையென்றால் கிருமியும் இல்லை. விஷயம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வீட்டில் எல்லாரையும் சோதித்தார்கள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை, அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். கிருமி இருந்தது அத்தாவிடம், எங்கள் அப்பாவிடம். சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக் கடையில் மீன் குழம்பு வைக்கிற, சளிகூடப் பிடிக்காத அத்தாவிடம்!

"எனக்குக் காச்சலே வந்ததில்லையே டாக்டர்" என்றார் அத்தா.

சின்ன வயதில் லேசாக வந்து போயிருக்கலாம், கிருமி மட்டும் பித்தப்பையில் தங்கிவிட்டது, அவரை ஒன்றும் செய்யாது, ஆனால் கை வழியாக அடுத்தவர் சாப்பாட்டுக்குப் போய்விடும் என்று டாக்டர் விளக்கினார். வீட்டுக்காரரை விட்டுவிட்டு விருந்தாளியைக் கடிக்கிற நாய் மாதிரியா என்று கேட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

மாத்திரை முடியும்வரை அத்தா கடையில் சமைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தம்பி பிழைத்து வீடு வந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் ஒரே பெரிய சகன் தட்டில் சோற்றைக் கொட்டி அம்மா நடுவில் வைத்தாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். அத்தா மட்டும் தனித் தட்டோடு மூலைக்குப் போனார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடையில்தானே கூடாது என்றார்கள்?

"ஒங்களுக்குத்தான் ஒன்னும் இல்லையே அத்தா, இங்க வாங்க லா" என்று போய் அவர் தட்டில் கை வைத்தேன்.

பளாரென்று கையில் ஓர் அடி. சோறு சிதறியது. அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. "தொடாத!" என்று கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

நாய் என்று சொன்னதற்குத்தான் இந்தக் கோபம் என்று நானே முடிவு கட்டி, கதவுக்கு வெளியே நின்று அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

தம்பி சோற்றைத் தொடவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அவன் வாயைத் திறக்க மாட்டேன் என்று தலையாட்டினான். பால்குடி மறந்த நாளிலிருந்து அத்தா ஊட்டினால்தான் அவன் சாப்பிடுவான். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதையும் அந்தக் கிருமியையும் சேர்த்துப் பார்க்க எட்டு வயது போதவில்லை.