பதினான்காம் பக்கத்து மரம்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் காலஞ்சென்ற என் மாமுவைப் பற்றிப் பேச்சு வந்தது. அம்மாவின் தம்பி அவர். "அவருக்குத் தெரியாத மரமே கெடையாது" என்று யாரோ சொன்னார்கள். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து, பத்து வயதில் எழுதிய மர நோட்டைத் தேடி எடுத்தேன். இதை எழுதும் இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள். கொச்சியில், மட்டாஞ்சேரியின் கொச்சங்காடிப் பக்கம் எங்கள் வீடு. இருபது மரங்களின் இலை, பட்டை, காய் சேர்த்து ஒட்டி வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். நான் ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டுக் கட்டம் பிரித்தேன்: பெயர், நின்ற இடம், இலை, பட்டை, காய், பறித்தவர். கடைசிக் கட்டத்தை டீச்சர் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது. அப்போதே எனக்கு அப்படி ஒரு புத்தி.

மாமு தென்காசியிலிருந்து வந்து எங்களோடு தங்கி, என் தகப்பனாரான அத்தாவின் சுக்குக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊர் மரங்களில் பாதி அவருக்குத் தெரியாது. அதை ஒருநாளும் அவர் வாயால் சொன்னதில்லை. குடைக் கைப்பிடியால் கொம்பை வளைப்பார், மறு கையால் இலையைப் பறிப்பார், கசக்கி முகர்ந்து கண்ணை மூடுவார். புங்கை போல இருந்தால் அது காட்டுப் புங்கை. நாவல் போல இருந்தால் காட்டு நாவல். முதல் பதின்மூன்று மரங்களில் ஏழு இப்படிக் காட்டு மரங்கள். நான் முழுக்க நம்பி, முத்து முத்தாக எழுதினேன்.

பதினான்காவது மரம், கிடங்குகளுக்குப் பின்னால் ஆளில்லாமல் கிடந்த தோட்டத்தில் நின்றது. நோட்டில் உள்ளபடி: இலை மாவிலை போல நீளம், கிளை நுனியில் கொத்தாக. காம்பில் முள் போல இரண்டு சின்ன முனைகள். பட்டையில் கறுப்பு மை வடிந்த தடம்.

"காட்டு மா" என்றார் மாமு.

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் சேச்சி அங்கே சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து இடுப்பொடிந்து கிடந்த புருஷனுக்கும் அவளுக்கும் எங்கள் வீட்டுக் கஞ்சிதான் பகல் சாப்பாடு. சுள்ளியைப் போட்டுவிட்டு, தொடாதே என்று மலையாளத்தில் கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"மோளே, தொடண்டா! அது மாமரம் அல்ல, சேரு. அதுன்டெ பால் பட்டா மேலெல்லாம் பொள்ளிக் கொப்புளமாகும்."

"பாத்திரம் வெளக்குறவ மரத்துக்குப் பேரு வைக்க வந்துட்டா!" மாமு சிரித்தார். "ஏன், மரம் உங்கிட்ட பேசுச்சோ?"

"மரம் பேசாது மொதலாளீ. பொள்ளுன கை பேசும்."

மாமுவின் சிரிப்பு நின்றது. குடையை மாட்டிக் கொம்பைத் தாழ்த்தினார். "நீ பறிம்மா, மாமு இருக்கேன்ல" என்றார். பறித்தேன். காம்பிலிருந்து வடிந்த பால் விரலில் பட்டுக் கறுத்தது. கண்ணோரம் அரித்தபோது அதே விரலால் தேய்த்தேன்.

மறுநாள் காலை கண் திறக்கவில்லை. முகம் வீங்கி, கையெல்லாம் கொப்புளம். அம்மை என்று பயந்து அம்மா என்னைப் பின்னறையில் படுக்க வைத்தாள். வேலைக்கு வந்த சேச்சி ஒரு பார்வைதான் பார்த்தாள். என்னைத் துணியால் போர்த்தி, கையைப் பிடித்து அதே தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். அதன் மறுகோடியில் ஒரு தான்றி மரம் நின்றது. சேரு பட்டுப் பொள்ளினால் தான்றியைச் சுற்றுவது இந்த ஊர் வழக்கம். சேரு செய்ததைத் தான்றி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லச் சொல்லி, மூன்று முறை என்னைச் சுற்ற வைத்தாள். பிறகு அதன் பட்டையைச் செதுக்கி எடுத்துவந்து, வேகவைத்த நீரில் குளிப்பாட்டினாள். அன்று சாயங்காலம் ஒரு கண் திறந்தது.

யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மாமு முற்றத்தில் நின்று கத்தினார். "தொழுவுற வீட்டுப் புள்ளைய மரத்தச் சுத்த வச்சிருக்கா, மச்சான்! நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"குட்டி வேதனையில துடிச்சது" என்றாள் சேச்சி. "நான் அன்னைக்கே சொன்னதல்லே, தொடண்டான்னு?"

அத்தா என்னைப் பார்த்தார். "சொன்னாளா?"

அத்தாவுக்குப் பின்னால் மாமு நின்றார். திறந்திருந்த ஒரு கண்ணால் அவர் முகத்தைப் பார்த்தேன். நோட்டில் இன்னும் ஆறு மரங்கள் பாக்கி.

"இல்லத்தா" என்றேன்.

அத்தாவுக்குச் சத்தம் பிடிக்காது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சேச்சியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சேச்சி என்னைத் திட்டவில்லை. "சொறியண்டா மோளே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள். அவளுக்கு ஊற்றி வைத்த கஞ்சித் தூக்கு அடுப்படியிலேயே இருந்தது.

காட்டு என்று தொடங்கிய பெயர்களையெல்லாம் டீச்சர் சிவப்பு மையால் அடித்தார். பதினான்காம் பக்கத்தில் சேரு என்று எழுதினார். அதை நான் வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது, அதை வேறு யார் தலையிலும் வைக்கமாட்டேன்.

ஆனால் மாமு அறியாமல் செய்தார், வீம்பு பிடித்த மனிதர், அவ்வளவுதான் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பந்தியில் எழுந்தபோது இருந்த கோபமும் அந்த வீம்பின் மேல்தான். வீட்டுக்கு வந்து நோட்டை விரித்து, நானே போட்ட கடைசிக் கட்டத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒன்று முதல் பதின்மூன்று வரை, பறித்தவர்: மாமு. பதினைந்து முதல் இருபது வரை, பறித்தவர்: மாமு.

பதினான்கில் மட்டும்: நான். முதல் தடவையாக என்னைப் பறிக்கவிட்டாரே என்ற பெருமையில், அந்த ஒரு சொல்லை மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.