மங்களத்தைத் தள்ளிப் பாடச் சொன்ன அண்ணா

அண்ணாவின் வருஷாப்திகத்துக்கு வந்திருந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம்.

"சண்டையைப் பத்தி மட்டும் எழுதாதே" என்று அண்ணாவின் மனைவி, என் மன்னி, பலமுறை சொல்லிவிட்டார். நினைவு மலரில் நல்லதைத்தான் எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அண்ணாவுக்கும் நடந்த சண்டையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தீபாவளி, பொங்கல் விசாரிப்புதான். அதை எழுத நான் எதற்கு? அது மட்டுமல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களில் சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. நோயில் கிடக்கிற அண்ணன் கேட்ட ஒரு வார்த்தையைக்கூடக் கொடுக்காத கல்நெஞ்சுக்காரி என்று. இத்தனை நாள் அதை விழுங்கிக்கொண்டிருந்தேன். இன்று பதில் சொல்லப் போகிறேன்.

அண்ணா பிறந்தது திருவள்ளூரில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். எங்கள் தகப்பனார் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவித்தவர். அவர் திடீரென்று பரமபதித்தபோது அண்ணாவுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லிவைக்க, கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. கோயில் வீட்டுப் பிள்ளை உலைக்களத்துக்குப் போவதா என்று தெருவில் பேசினார்கள். பேசியவர்கள் யாரும் ஒரு படி அரிசி கொண்டுவந்து கொடுக்கவில்லை.

பெரியபாளையம் வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் அவருக்கு ஒரு தமிழ், வீட்டு வாசலில் இறங்கினால் வேறு தமிழ். கோபம் வந்தால் மட்டும் வீட்டுக்குள்ளேயே கம்பெனித் தமிழ் வந்துவிடும். "இன்னாடி பேஜார் பண்ணிக்கினு கீற?" என்று ஆரம்பித்தால் மன்னி அடுக்களைக்குள் போய்விடுவார். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் படுக்காமல் என்னைப் பாட்டு வாத்தியாரிடம் அழைத்துக்கொண்டு போவார். பாடம் முடியும்வரை வாசலில் காத்திருப்பார். நான் இன்று மேடையேறுகிறேன் என்றால் அது அவர் தூங்காமல் விட்ட தூக்கம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் சபாவின் இசை விழாவை அவர்தான் செயலாளராக இருந்து நடத்தினார். தை மாதத்தில் மூன்று மாலை, கல்யாண மண்டபத்தில். மூன்றாம் நாள் கடைசிக் கச்சேரி என்னுடையது. வருஷத்துக்கு வருஷம் கூட்டம் குறைந்தது. ஒரு வருஷம் அண்ணா கம்பெனி நண்பர்களின் மெல்லிசைக் குழுவை மேடையில் ஏற்றப்போவதாக அறிவித்தார். கிரேன் ஓட்டும் முனிரத்தினம்தான் அதில் முக்கியப் பாடகர். எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

"ஊரெல்லாம் சினிமாப் பாட்டுதான். பஸ்ல அதான், கல்யாணத்துல அதான், திருவிழா ஸ்பீக்கர்லயும் அதான். எங்களுக்குன்னு இருக்கறது வருஷத்துல மூணு சாயந்திரம். அதையும் பங்கு போடுன்னா எப்படிண்ணா?" என்று கேட்டேன்.

"அந்த மூணு சாயந்திரமும் யாருக்குப் பாடற? நாற்காலிக்கா?" என்றார்.

"நாலு பேர் கேட்டாலும் போதும்."

"எனக்குப் போதாது. இவ்வளவு வருஷம் என்னோட ஒரே பஸ்ல வந்தவா யாரும் என் தங்கை பாடிக் கேட்டதில்லை. அது நமக்கில்லை சாமின்னு ஒதுங்கிடறா. அவா பாட்டு இருந்தா உள்ள வருவா. உள்ள வந்தா உன்னையும் கேப்பா."

கச்சேரி கேட்டுப் பழக்கமில்லாதவர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கச்சேரியின் முடிவில் பாடுவது மங்களம். அதைப் பாடிவிட்டால் அன்றைக்கு அந்த மேடையில் வேறு பாட்டுக் கிடையாது. எங்கள் கமிட்டிப் பெரியவர்கள் இதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதனால் அண்ணா போட்ட திட்டம், நான் மங்களம் பாடாமல் கச்சேரியை நிறுத்த வேண்டும், குழுவினர் பாட வேண்டும், அதுவரை நான் உட்கார்ந்திருந்து எல்லாம் முடிந்த பிறகு மங்களம் பாட வேண்டும். "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த மூன்றாம் நாள் மாலையை என்னால் மறக்க முடியாது. என் கடைசி உருப்படி முடிந்தது. மண்டபத்தின் பின்பக்கம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், சிலர் யூனிபார்மோடு, கீபோர்டையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதல் வரிசையில் கமிட்டிப் பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வயலின்காரரும் மிருதங்கக்காரரும் என்னையே பார்த்தார்கள். மேடை ஓரத்தில் நின்ற அண்ணா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் மங்களத்தை எடுத்தேன்.

சபை எழுந்து நின்றது. பின்னால் முனிரத்தினம் கீபோர்டை மறுபடியும் உறைக்குள் போட ஆரம்பித்தார். அண்ணா மேடையேறி என் மைக்கை வாங்கினார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மேடைக்கு மங்களம் பாடியாச்சு. சாப்பாட்டுக் கூடத்துக்கு இன்னும் யாரும் பாடலை. எல்லாரும் அங்க வாங்கோ" என்றார்.

அன்று சாம்பாருக்கும் மோருக்கும் நடுவில் அவர்கள் பாடினார்கள். முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்களே முதல் பந்தியில் உட்கார்ந்து இலை ஓரத்தில் விரலால் தாளம் போட்டார்களாம். பெயர் வேண்டாம், அவர்களுக்கே தெரியும். நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு ரொம்ப நாள் மன்னி வழியாகத்தான் பேசிக்கொண்டோம்.

அதுவே வருஷா வருஷம் வழக்கமாகிவிட்டது. மேடையில் நான், சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள். அண்ணாவுக்கு அதில் திருப்தி இல்லை. நண்பர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்கள். மண்டபம் காலியாகவே இருந்தது. "உன்னை அவா கேக்கணும்னுதானேடி இத்தனையும் பண்ணினேன்" என்று புலம்புவார். ஒவ்வொரு தை பிறப்பதற்கு முன்பும் மங்களத்தைத் தள்ளிப் பாடு என்று கேட்பார். முடியாது என்பேன்.

போன மார்கழிக்கு முன்பு அண்ணாவுக்குக் கல்லீரலில் நோய் என்று தெரிந்து சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படுக்கையிலும் விழாப் பேச்சுதான். அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டும், இந்த வருஷமாவது மேடையா, இல்லை சாப்பாட்டுக் கூடமா என்று கமிட்டியிலிருந்து வந்து கேட்டார்கள். "என் தங்கையைக் கேளுங்கோ. அவ சரின்னா மேடை" என்றார்.

"முடியாது" என்றேன், பழக்கத்தில்.

அண்ணா சிரித்தார். "அப்பாடா. நீ முடியாதுன்னு சொல்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லை. நீ சரின்னு சொல்ற அன்னிக்குத்தான் டாக்டர் என்ன சொன்னார்னு விசாரிக்கணும்."

எல்லாரும் சிரித்தோம். சில நாள் கழித்து டாக்டர் மன்னியையும் என்னையும் தனியே கூப்பிட்டு, இனி செய்வதற்கு எதுவும் இல்லை என்றார். மன்னி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா இன்னிக்கே போயிடுவார். யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே எங்கள் மாமாவும் முனிரத்தினமும் இருந்தார்கள். அண்ணா என் முகத்தையும் மன்னி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இந்த ஒரு வருஷம் மங்களத்தைத் தள்ளிப் பாடேன். பாடறியா?"

அவர் பாட்டுக்காகக் கேட்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அந்த அறையில் அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கும் மன்னிக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். சரி, சரி, நூறு தடவை சரி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அன்று மேடையில் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் காத்திருந்தபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை.

"என் உடம்புல உயிர் இருக்கற வரைக்கும் முடியாது. நீ வேற வேலை இருந்தா பாரு" என்றேன்.

அண்ணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணையில் சாய்ந்து, "திமிர் பிடிச்சவ" என்றார். மன்னியிடம் காபி கேட்டார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவராக ஒன்றைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெளியே வந்ததும் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். நீயெல்லாம் ஒரு பெண்ணா என்று கேட்டார். முனிரத்தினம் கண் கலங்க நின்றார். "எங்களுக்கு மேடையெல்லாம் வாணாம்மா. சாப்ட்ற எடத்துலயே பாடிக்கினு போறோம். ஆனா அண்ணன் மனசுக்கு ஒரு வார்த்த சரின்னு சொன்னா இன்னாம்மா? இன்னா கொறஞ்சுட போவுது?" என்றார். டாக்டர் சொன்னதை முனிரத்தினத்திடம் சொன்னால் அவர் அழுதுகொண்டே உள்ளே போவார், அண்ணாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் படியிறங்கினேன். அதைத்தான் நீங்கள் கல்நெஞ்சு என்றீர்கள்.

அந்த வாரத்துக்குள் அண்ணா ஆசாரியன் திருவடியை அடைந்தார். துக்க வருஷம் என்பதால் போன தையில் விழா நடக்கவில்லை.

அண்ணாவைக் கடைசிவரை தாங்கிப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்து ரத்தம் கொடுத்த முனிரத்தினத்துக்கும் கம்பெனி நண்பர்களுக்கும், மன்னியைத் தனியே விடாமல் கூட இருந்த தெருக்காரர்களுக்கும், காரியங்களை முறையாக நடத்தித் தந்த வாத்தியார் சுவாமிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என்னைத் திட்டிய மாமாவுக்கும் நன்றி. அண்ணாவின் மேல் பிரியம் இல்லாவிட்டால் அவருக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

வரும் தை மாத விழாவின் பொறுப்பைக் கமிட்டி என்னிடம் விட்டிருக்கிறது. மேடையா, சாப்பாட்டுக் கூடமா என்று மறுபடியும் கேட்கிறார்கள். கமிட்டிக்காரர்களும் கம்பெனி நண்பர்களும் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கட்சி மாறவில்லை. எங்களுக்கென்று இருக்கும் மூன்று மாலையில் சினிமாப் பாட்டு வேண்டாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வாதத்துக்கு வருகிறவர்கள் வரலாம், வீட்டில்தான் இருப்பேன். ஆனால் அன்று அண்ணாவிடம் நான் முடியாது என்றது என் கட்சிக்காக அல்ல. அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. இனி அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் என் கச்சேரிக்கு முனிரத்தினமும் குழுவினரும் ஆரம்பத்திலிருந்தே வந்து மண்டபத்தில் உட்கார வேண்டும். அது என் நிபந்தனை. நான் முடித்ததும் அவர்கள் மேடையேறட்டும். நான் இறங்க மாட்டேன், அங்கேயே ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அவர்கள் பாடி முடித்த பிறகு மங்களம் பாடுகிறேன்.

சரி, அண்ணா.