குங்குமத்தில் குறித்த மட்டம்

நான் கிளிநொச்சியில் மேசன் வேலை செய்பவன். வீடுகளுக்குள் மாபிள் பதிக்கும்போது மட்டம் பார்க்கக் கைகொடுத்த சிவப்புக் கோட்டு லேசரை நம்பி, உருத்திரபுரத்தில் புதுவீட்டு வேலைக்கும் அதையே கொண்டுபோனேன்.

போன வெள்ளம் கிணற்றுக் கட்டில் கறை விட்டிருந்தது. வீட்டுத் தரை அதற்கு மேலே வரவேண்டும். லேசரைக் கறையின் உயரத்தில் வைத்து, அந்த உயரத்தை வீட்டு மூலையில் நட்டிருந்த தடியில் குறிக்கப் போனேன். வெயிலில் கண் கூசியது. தடியில் மங்கலாகத் தெரிந்த சிவப்பில் கோடு கீறினேன். அதற்கு நாலு விரல் மேலே தரைக்கு நூல் கட்டி, கொங்கிறீட்டும் குழைக்கத் தொடங்கிவிட்டோம்.

அப்போது மேகம் வெயிலை மறைத்தது.

“தம்பி, உதுக்கு மேல இன்னொரு சிவப்புக் கோடு தெரியுதெல்லோ?” என்று வீட்டுக்கார அக்கா கேட்டார்.

தடியருகே ஓடிப்போய்ப் பார்த்தேன். நான் குறித்தது, காலையில் பூசைக்குத் தடியில் பூசிய குங்குமத்தை. லேசர் கோடு ஒரு சாண் மேலே நின்றது.

“கொட்டாதேங்கோ! நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினேன்.

அக்கா கிணற்றுக் கறையைக் காட்டினார். “போன வெள்ளத்துக்குப் பழைய வீட்டில சமைக்கிற குசினிக்குள்ளயே முழங்காலளவு தண்ணி, தம்பி.”

இப்போது வெளிவேலைக்குச் சுழலும் லேசரைத்தான் வாடகைக்கு எடுக்கிறேன். அதன் ஒளி பட்டதும் சத்தம் போடும் கருவி கூடவே வரும். வெயிலில் கண்ணை நம்பத் தேவையில்லை. ஆனாலும், பூசைக்கு முன்பே சொல்லிவிடுவேன்: “குங்குமத்தைத் தடியின்ர உச்சியில மட்டும் வையுங்கோ.”