போக்ராவுக்குப் போக ஒரு பழைய வேன்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு முப்பது கிலோமீட்டர்தான். அதைக் கடப்பதற்குள்ளேயே நேபாளம் போய்வந்த அலுப்பு எங்களுக்கு வந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம். நான் கல்பாக்கத்தில் அலுவலக ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி கமலாவின் அண்ணன் ஏகாம்பரம் நேபாளத்தில், போக்ராவுக்கு அருகே மலைச்சாலை போடும் முகாமில் மேஸ்திரி. பாறை சரிந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். மழைக்குமுன் முகாமைக் கலைக்கிறோம், வந்து அழைத்துப்போங்கள் என்று தந்தி வந்தது. உட்காரவே முடியாத மனிதரை ரயிலும் பஸ்ஸுமாக மாற்றி மாற்றித் தூக்கிவர முடியாது. கோவளத்துக்குப் படப்பிடிப்புக்கு வந்த ஒரு கம்பெனி கழித்துவிட்ட வேனை வாங்கினேன். உள்ளே நீளமான படுக்கை, ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. அடித்தகடு மட்டும் உப்புக்காற்றில் அப்பளமாக நொறுங்கியது.

செங்கல்பட்டில் காதர் பாய் பட்டறையில் விட்டுச் சரிசெய்யலாம் என்று காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கொதிநீர் சீறியடித்து வலது கை முழங்கை வரை வெந்துபோனது. கமலா முந்தானையைக் கிழித்து நனைத்துச் சுற்றினாள். புளியமர நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். சவுக்குக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது.

“கட்டி இஸ்துகினு போறேன், அண்ணாத்த. ஆனா கை இப்டி கீதே, ஸ்டியரிங்க யாரு புடிக்கிறது?” என்றார் டிரைவர்.

“நான் குந்துறேன்” என்றாள் கமலா. சைக்கிள்கூட விட்டறியாதவள்.

“கயிறு தொய்ஞ்சா பிரேக்க மிதிம்மா. வேற ஒண்ணும் வாணாம்.”

பதினான்கு கிலோமீட்டர். அவள் கண்ணிமைத்ததை நான் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அதற்குள் அங்கே மழை பிடித்துவிடும். கூப்பிட்ட டிரைவர்கள் நேபாளம் என்றதும் நழுவினார்கள். பட்டறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“பாய், எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க” என்றாள் கமலா.

“மலை ரோடும்மா. ஒரே பேஜாரு.”

“அங்க படுத்துகினு கீறது எங்கண்ணன் பாய்.”

பாய் அவளை டிரைவர் சீட்டில் ஏற்றி கிளட்ச், பிரேக், கியரைக் காட்டினார்.

அவர் அடித்தகட்டை மாற்றி, ஸ்பிரிங் பட்டைகளைப் புதிதாகப் போட்டார். வேறு ரேடியேட்டர் போட்டதும் வண்டி மாமல்லபுரத்தில் எங்கள் வாசலுக்கு வந்தது. வண்டி தேறத் தேற கமலா இளைத்தாள். விடிந்ததும், பாய் பக்கத்தில் உட்கார, திருப்போரூர் சாலையில் ஓட்டுவாள். திரும்பிவந்து கெண்டைக்காலைப் பிசைந்தபடி சோறு வடிப்பாள். ஒருநாள் நெம்மேலியில் வண்டியை மணலில் இறக்கி, வலை காயப்போட்ட கொம்பைச் சாய்த்துவிட்டாள்.

“இன்னாம்மா, வூட்ல வேலை இல்லியா?” என்று வலைக்காரி கத்தினாள்.

“போதுங்க. என்னால ஆவாது” என்று கமலா இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள். வண்டியைப் பாய்தான் மணலிலிருந்து எடுத்து எங்கள் வாசலில் விட்டார். அவளால் ஆகாது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்; ஸ்டியரிங்கில் கமலா.

சித்திரைக் கடைசியில், அவள் கைக்கு லைசென்ஸ் வந்ததும், அரிசி, புளிக்காய்ச்சல், இரண்டு ஃபேன் பெல்ட்டோடு கிளம்பினோம். ஆந்திரா, நாக்பூர், கோரக்பூர். அனல்காற்றில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டினாள். சோனௌலியில் எல்லையைத் தாண்டியபோது மகிழ்ச்சிப்படவும் எங்களிடம் தெம்பில்லை.

முகாமில் கயிற்றுக்கட்டிலில் கிடந்த அண்ணன் வண்டியை எட்டிப் பார்த்தார். “டிரைவர் எங்கம்மா?”

கமலா காய்த்துப்போன உள்ளங்கைகளை நீட்டினாள். அவற்றைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் மலையிறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் படுக்கையிலிருந்து, “மெள்ள, கமலா, மெள்ள” என்று குரல் வந்துகொண்டே இருந்தது. பாதி மலையில் அது நின்றுவிட்டது. பதறித் திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.