பின்சீட்டுச் சோதனை

மெத்தை என்றால்தான் அந்த டிரைவரை எல்லோருக்கும் தெரியும். அவர் ஓட்டும் காரில் ஏறினால் மெத்தையில் படுத்த மாதிரி இருக்கிறது என்று மற்ற டிரைவர்கள் கிண்டலாக வைத்த பேர். கிண்டல் போய்விட்டது, பேர் நின்றுவிட்டது. பல வருஷமாக ஒரே முதலாளியிடம் வேலை. முதலாளியம்மாவுக்கு முதுகுத்தண்டில் கோளாறு. அந்த முதுகுக்காகவே வழியிலிருக்கும் மேடு பள்ளமெல்லாம் மெத்தைக்கு மனப்பாடம்.

முதலாளிக்கு அறுபது வயதில் ஓர் ஆசை வந்தது பாருங்கள், அங்கே பிடித்தது சனி. நண்பருடைய அதிவேகச் சொகுசுக் காரை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. அதே மாதிரிக் காரை மூன்று வருஷக் குத்தகைக்கு எடுப்பது, இனிமேல் தானே ஓட்டுவது என்று முடிவு கட்டிவிட்டார். அவரே ஓட்டினால் மெத்தை எதற்கு? ஐம்பத்தாறு வயது டிரைவரை வேறு யார் சேர்ப்பார்கள்?

ஒரே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. “நான் பின்சீட்டுல உட்கார்ந்து பார்ப்பேன். முதுகு வலிச்சா இந்த வண்டி வேண்டாம்” என்று முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

“ஒரே ஒரு பள்ளத்துல விடுங்க, போதும்” என்று மெத்தையின் மனைவி சோதனை நாளன்று காலையிலேயே சொல்லி அனுப்பினாள். “நீங்க பொய்கூடச் சொல்ல வேண்டாம். வண்டியே சொல்லிடும்.”

அவள் சொன்னது நியாயம்தான். ஷோரூமில் மெத்தை வண்டியைச் சுற்றி வந்தார். டயரில் ரப்பர் ரெண்டு விரல் உயரம்கூட இல்லை. பின்பக்கத்தை அழுத்திப் பார்த்தார், கட்டை மாதிரி இருந்தது. வேகத்துக்குச் செய்த வண்டி, முதுகுக்குச் செய்ததில்லை. யார் ஓட்டினாலும் நாலு தெருவுக்குள் அம்மா இறங்கிவிடுவார்.

முதலாளி சாவிக்குக் கை நீட்டினார். “முதல்ல டிரைவர் ஓட்டட்டும். உங்களை நம்பி என் முதுகைத் தர மாட்டேன்” என்றார் அம்மா. விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டே சாவியை மெத்தையிடம் கொடுத்தார்.

தொழிற்பேட்டைச் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. இதோ, இந்தக் குழியில் விடுவது என்று மெத்தை உறுதியாகத்தான் போனார். குழி நெருங்கியது. கண்ணாடியில் அம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. அவ்வளவுதான், கால் பிரேக்கைத் தடவிவிட்டது, கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டது. சரி, அடுத்ததில் பார்ப்போம் என்றார் மனதுக்குள். அடுத்ததிலும் அதே கதை. வேகத்தடையில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? அடுத்தது, அடுத்தது என்று சொல்லிச் சொல்லியே ஷோரூம் வாசல் வந்துவிட்டது.

“குலுக்கலே தெரியலையே. பழைய வண்டிக்கு இது எவ்வளவோ தேவலை” என்றார் அம்மா.

“வண்டி அப்படி, மேடம்” என்றார் விற்பனைக்காரர்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது போலாயிற்று. எனக்கு அந்த மனுஷனைத் திட்டத்தான் வாய் வருகிறது, ஆனால் என்னவென்று திட்டுவது? முதலாளி அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, “உனக்கும் ஓய்வு வேணும்ல” என்று மெத்தையின் தோளைத் தட்டினார்.

“கை வரலையா?” என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள் மனைவி.

“வரலை.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன்பிறகு போன இடமெல்லாம் வயதைக் கேட்டார்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ரெண்டு மாசம் கழித்து முதலாளியம்மாவிடமிருந்து போன் வந்தது. குரலில் ஜீவனே இல்லை.

“படுத்த படுக்கையாயிட்டேன். அவர் ஓட்டுறதுல முதுகு சுத்தமாப் போச்சு.”

“நான் வேணா திரும்ப வந்துடட்டுமாம்மா?” என்று மெத்தை அவசரமாகக் கேட்டார்.

“இனிமே வந்து என்ன? உட்காரவே கூடாதுன்னுட்டார் டாக்டர். நான் எங்க வண்டியில ஏறப் போறேன்? உங்களுக்குத் தெரியாத வண்டியா? இது எனக்கு ஆகாதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம்மா” என்றார் மெத்தை.