கோடையில் பாலைவனம் போன ஸ்வெட்டர் மாமா

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்வெட்டர் என்றால்தான் தெரியும். தெருவே பனியனோடு வாசலில் நின்று விசிறிக்கொள்ளும் நாளிலும் முழுக்கை ஸ்வெட்டரோடு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மீன் ஏற்றுமதி செய்யும் கம்பெனியின் குளிர்கிடங்கில் அவருக்கு வேலை. கல்லாக உறைந்த மீன் பெட்டிகளை அடுக்குவதும் இறக்குவதுமாகவே கல்யாணத்துக்கு முன்பிருந்து இன்றுவரை காலம் ஓடிவிட்டது.

வேலையோடு குளிர் முடிந்துவிட்டால் பரவாயில்லை. அது அவர் பின்னாலேயே வீட்டுக்கும் வந்துவிடும். வெந்நீரில் குளித்துவிட்டு, காதைத் துண்டால் மூடிக்கொண்டு, சூடாக ஏதாவது குடித்த பிறகுதான் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரும். என் அக்காவோ நேர் எதிர். பேக்கரியில் அடுப்பு முன்னால் நிற்கிறவள். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதன் கீழே உட்கார்ந்தால்தான் அவளுக்கு உயிர் வரும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அந்த சுவிட்ச் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. பாலைவனத்துக்குப் போக வேண்டும், அதுவும் நல்ல கோடையில். நாங்கள் பிழைக்க வந்த இந்த வடக்கத்தி ஊரிலிருந்து அது ஒரு நாள் கார் ஓட்டம்தான். குளிர்காலத்தில் போகலாமே என்று சொன்னால், அதற்கு நான் கிடங்கிலேயே இருந்துகொள்வேனே என்பார். எலும்பு வரைக்கும் ஒரு தடவையாவது சூடு ஏற வேண்டுமாம். வருஷா வருஷம் வெயில் ஆரம்பித்ததும் மெதுவாகப் பேச்சை எடுப்பார். அக்கா ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

"நாள் பூரா அடுப்பு முன்னாடி நிக்கிறவள கூட்டிட்டுப் போய் இன்னொரு அடுப்புல நிறுத்தப் போறீங்களா?"

அவரும் அதோடு அடங்கிவிடுவார். தனியாகப் போய்வரச் சொன்னால் மட்டும் கேட்க மாட்டார். போனால் அவளோடுதான் போக வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றார்.

இந்த வருஷம் கிடங்கில் இயந்திரத்தை மாற்றுகிறார்கள் என்று எல்லோருக்கும் ஒரு வாரம் விடுமுறை விட்டார்கள். மாமா எதுவும் கேட்கவில்லை. காலண்டரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் அவள் சம்மதித்திருக்க வேண்டும். ஆனால் என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரு நாள் பாப்பேன். என்னால முடியலன்னா உடனே திரும்பிடணும். அப்புறம் ஜென்மத்துக்கும் பாலைவனம்னு வாயத் திறக்கக் கூடாது."

மாமா தலையை ஆட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்று பயந்துவிட்டேன். நான் வாடகை கார் ஓட்டுகிறவன் என்பதால் வண்டி, டிரைவர் இரண்டும் இலவசம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

வழி நெடுக முன்சீட்டில் மாமா ஜன்னலைத் திறந்தார், பின்சீட்டிலிருந்து அக்கா ஏசியைக் கூட்டச் சொன்னாள். சாயங்காலம் மணல் தொடங்குகிற இடத்தில் இருந்த சின்ன விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். விடுதிக்காரர் வழி தவறி வந்துவிட்டோமா என்றுதான் முதலில் விசாரித்தார். இல்லை, வெயிலைப் பார்க்கத்தான் வந்தோம் என்று மாமா சொன்னதும் அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மணல்மேட்டுக்குப் போனோம். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு, செருப்பைக் கழற்றுவதும், சூடு தாங்காமல் திரும்ப மாட்டிக்கொள்வதுமாக, வாயெல்லாம் பல்லாக நடந்தார். அக்கா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். சும்மா சொல்லக் கூடாது, வாக்குக் கொடுத்ததற்காக முழு மனதோடு முயற்சி செய்தாள். கையில் வைத்திருந்த தண்ணீர் தீர்ந்ததும் வண்டிக்குத் திரும்பி வந்து மாமாவின் பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

அந்தப் பெட்டியை மாமா யாரையும் தொட விட்டதில்லை. புறப்படுவதற்கு முன்பே கிடங்கு மேற்பார்வையாளரிடம் சொல்லி, பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, உறையும்போது வெடிக்காமலிருக்கக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, குளிர் அறையில் வைத்து எடுத்தவர். மீனைக் கப்பலுக்கு அனுப்புவது போலவே தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, இடைவெளியில் பழைய துணி திணித்து, டேப் ஒட்டி, கம்பளியால் சுற்றியிருந்தார். இப்போது அதைப் பெருமையாகப் பிரித்தார்.

ஒவ்வொரு பாட்டிலும் கல்லாக உறைந்திருந்தது. அக்கா ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. அடுத்ததையும் கவிழ்த்துப் பார்த்தாள். வேலையில் பழகிய கை, ஐஸ் கரையக் கூடாது என்று மட்டும் பார்த்திருக்கிறது. குடிக்கிற தண்ணீர் கரைய வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மாமா அசடு வழிய நின்றார். பிறகு பரபரவென்று மணலைத் தோண்டிப் பாட்டில்களைப் புதைத்து, புரட்டிப் புரட்டிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் தேறியது. அதை அப்படியே அக்காவிடம் நீட்டினார். பல் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டே குடித்தவள், மிச்ச ஐஸோடு பாட்டிலைக் கழுத்தில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறிக்கொண்டாள்.

"போதுங்க. வெயில் தாழ்ந்ததும் ஊருக்குக் கெளம்பிடலாம்."

மாமா மறுபேச்சுப் பேசவில்லை. சரிம்மா என்று மட்டும் சொன்னார். எத்தனையோ வருஷத்து ஆசை அரை நாளில் முடிந்துவிட்டது, அதுவும் அவர் கையாலேயே. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அக்காவிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லலாமா என்று பார்த்தேன், அவள் முகமும் வெயிலில் சிவந்து வீங்கியிருந்தது. அவளை என்னவென்று கேட்பது? விடுதிக்கு வந்ததும் மாமா தன் துணிகளைத் தானே மடித்து வைத்தார். வெயில் தாழும்வரை கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளட்டுமா என்று அக்காவிடம் அனுமதி கேட்டார்.

மின்சாரம் போயிருந்தது. அறைக்குள் அனல் அடித்ததால் நானும் அக்காவும் பின்பக்க நிழலில் உட்கார்ந்து, கரைந்து முடிந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தோம். வெயில் தாழ்ந்தது. நான் பைகளை வண்டியில் ஏற்றிவிட்டு இஞ்சினைப் போட்டு, ஏசியையும் ஓட விட்டேன். அக்கா அவரை எழுப்ப உள்ளே போனாள்.

போனவள் வரவில்லை. சண்டை மூண்டுவிட்டதோ என்று நானும் போனேன். அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மாமா வெறும் தரையில் மல்லாந்து கிடந்தார். போர்வை இல்லை, தலையணை இல்லை. கை இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாக விரித்து, காலை நீட்டி, வாயைத் திறந்து அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அந்த மனிதருக்கு வியர்த்து நான் பார்த்ததே இல்லை.

 அக்கா ரகசியம் போலக் கேட்டாள்.

"இவரு இவ்வளவு நீளமாடா?"

அவரை விட்டுக் கண்ணை எடுக்காமலே தொடர்ந்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து முழங்கால நெஞ்சோட மடக்கிக்கிட்டு, போர்வைக்குள்ள ஒரு மூட்டையாத்தான் இவரப் பாத்திருக்கேன். அவரு படுக்கிறதே அப்படித்தான்னு நெனச்சேன்."

 துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். நான் அவரை எழுப்பட்டுமா என்று கேட்டுவிட்டு ஓரடி எடுத்து வைத்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பையெல்லாம் எறக்கி வை. லீவு முடியிறப்ப போய்க்கலாம்," என்றாள். "மொதல்ல போய் வண்டிய நிறுத்துடா. சத்தத்துல முழிச்சிடப் போறாரு."