பஸ்காவுக்கு நான் வாங்கிய புட்டி

லேக் கார்டன்ஸில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு யூதப் பெண்மணி இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். இந்தப் பெங்காலி ஊரில் யூதர்கள் இப்போது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். என் மனைவி அவரைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள், நானும் அப்படியே. அவர் என் மனைவியை பௌதி, அதாவது அண்ணி, என்பார். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் ஃபைல்களோடு காலம் தள்ளிவிட்டு, ரிட்டயரான பிறகு யாரை நோண்டுவது என்று தெரியாமல் தவித்த எனக்குச் சனிக்கிழமைகளில் ஒரு வேலை கொடுத்தவர் அவர்தான்.

யூதர்கள் தங்கள் வேதமான தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாக வருடம் முழுவதும் படிப்பார்கள். தீதிக்குக் கண் மங்கிவிட்டது. அதனால் அந்த வாரத்துப் பகுதியை ஆங்கிலத்தில் நான் உரக்கப் படிப்பேன். முடித்ததும், "சரி, இந்த வாரம் இது யார் வீட்டுக் கதை?" என்று கேட்பார். அவர் பேசுவது பெங்காலியும் ஆங்கிலமும் கலந்து. எனக்கு அதை என் வீட்டுத் தமிழில்தான் எழுத வருகிறது. வீட்டுக்கு உதவாத வேதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் கட்சி.

எனக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. நோவா பேழை கட்டிய வாரம், மழை வருவதற்கு முன்பே அவர் வேலையை முடித்துவிட்டார் என்பதை எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரிக்கு நினைவூட்டினேன். சாக்கடையை அவர் சுத்தம் செய்யாமல் விட்டதில் படிக்கட்டு வரை தண்ணீர் நின்றிருந்தது. அவர் அதற்கப்புறம் லிஃப்டில் என்னைப் பார்த்தால் படியில் ஏறிப் போகிறார். யாக்கோபு ஒரு மகனுக்கு மட்டும் வண்ண அங்கி தைத்துக் கொடுத்த வாரம், எங்கள் பெரிய பையனுக்கு மட்டும் முறுக்கு பார்சல் அனுப்பிய என் மனைவியிடம் அதைச் சொன்னேன். அன்று ராத்திரி எனக்கு மோர் சாதம்தான்.

மன்னா வாரத்தில் தீதியே எங்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டார். வானத்திலிருந்து விழுந்த மன்னாவை அன்றன்றைக்குச் சாப்பிட்டுவிட வேண்டும், நாளைக்கு என்று பதுக்கினால் புழுத்துவிடும். "பௌதி, நல்லதை நாளைக்குன்னு பூட்டி வைக்காதே!" என்று என் மனைவியின் பீரோவைத் திறக்க வைத்தார். மறுநாள் என் மனைவி காஞ்சிபுரம் பட்டுடுத்தி டாக்குரியா சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாள். காய்கறிக்காரன் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டானாம்.

பிறகு பஸ்கா வந்தது. அந்தப் பண்டிகை நாட்களில் கோதுமை, பார்லி மாதிரி தானியங்களில் புளித்தது எதையும் அவர்கள் சாப்பிடக் கூடாது. வீட்டில் சொந்தமாக வைத்திருக்கவும் கூடாது. எறிய மனசில்லாததை யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வழக்கமாக வாங்குகிற கீழ்வீட்டு பெங்காலிக்காரர் பேட்டை மாறிப் போய்விட்டதால் இந்த வருடம் நான். ஒரு நாணயத்தைக் கொடுத்து பிஸ்கட், சேமியா, மைதா எல்லாவற்றுக்கும் உரிமையாளனானேன்.

"இது சும்மா நாடகம் இல்லை. நாடகமா இருந்தா நான் பண்டிகை கொண்டாடினதா ஆகாது. நீங்க திருப்பித் தர மாட்டேன்னாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் தீதி.

கடைசியாக ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே விஸ்கி, அதுவும் பார்லிதானே. கணவர் வாங்கி வந்தது. வாங்கின அன்றே திறக்கலாம் என்றாராம். ஒரு நல்ல நாள் வரட்டும் என்று தீதி தடுத்தார். அப்புறம் எத்தனையோ நல்ல நாள் வந்தது. எதுவும் தீதிக்குப் போதுமான அளவு நல்லதாகப் படவில்லை. திடீரென்று ஒரு நாள் கணவர் போய்விட்டார்.

"ஒரு வாய்கூட குடிக்காம போயிட்டார். நான்தான் குடிக்க விடலை" என்றார். பெட்டியைத் துடைப்பாரே தவிர ஒரு நாளும் திறந்ததில்லையாம்.

பண்டிகை முடிந்தது. தீதி நாணயத்தோடு வந்தார். பிஸ்கட், சேமியா, மைதா எல்லாம் கொடுத்தேன். பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை.

"இது விற்பனைக்கு இல்லை. மன்னா வாரத்துல என்ன சொன்னீங்க? இதைத் திறக்கறதா இருந்தா தர்றேன்."

தீதி முகம் சிவந்துபோயிற்று.

"ஏன்னா, உங்களுக்கு வேற வேலையே கிடையாதா? குடுத்துத் தொலைங்கோ!" என்றாள் என் மனைவி. "சர்க்கரைக்காரருக்கு விஸ்கி ஆசை வேற!"

ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மாள் ஒரு பெட்டிக்கு முன்னால் குற்றவாளி மாதிரி நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தீதி போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை பெட்டியும் கையுமாகப் போய் நின்றேன். "உட்காருங்க. படிங்க" என்றார். படித்தேன். சகோதரனை மனதுக்குள் வெறுக்காதே, நேரில் கண்டித்துவிடு என்று ஓரிடத்தில் வந்தது.

"அங்கேயே நிறுத்துங்க" என்றவர், கண்டித்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பெங்காலியில் வேகம் பிடித்து, அரபு நாட்டிலிருந்து வந்த அவர் வீட்டுப் பெரியவர்களின் அரபியில் முடித்தார். அர்த்தம் புரியாத பகுதிதான் அதிகமாகச் சுட்டது. மூச்சு வாங்கி முடித்ததும், "உங்க சொத்து. திறங்க" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். புட்டியின் சீல் ஏற்கெனவே உடைந்திருந்தது. மூடியைத் திருகி முகர்ந்தேன். விஸ்கி வாசனையே இல்லை. மேலே பூஞ்சை மிதந்தது. அடியில் இரண்டு தேயிலை கிடந்தது.

"தீதி, இது பால் விடாத டீ."

அவர் புட்டியை வாங்கி மூக்கருகே வைத்தார். கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து அடியை உற்றுப் பார்த்தார். அழுவாரா, என்னை அடிப்பாரா தெரியவில்லை.

"திருடன்!" என்று கத்தினார். "எனக்குத் தெரியாம முழுசும் குடிச்சிட்டு, டீயை ஊத்தி வச்சிருக்கான் பாருங்க, திருடன்!" அடக்க முடியாமல் சிரித்தார். சத்தம் கேட்டு என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக, "குடிச்சிட்டுத்தான் போயிருக்கார், பௌதி. குடிச்சிட்டுத்தான் போயிருக்கார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.